கடைவாய்ப்பல்

காலை வெயில் பதுங்குகுழியின் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. வெளியே மணல் மூட்டைகளை ஒட்டி, கம்பளி போர்த்தியபடி சுருட்டை கிடக்கிறான். மேலிடத்தில் கேட்டால் வீரமரணம் என்பார்கள். அவர்கள் வாய்க்கு என்ன, வலிக்கவா போகிறது. உள்ளே நெட்டையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான். விடியற்காலைக் காவல் அவனுடையது. பல்வலி என்று சொன்னதால் சுருட்டை அவனுக்குப் பதிலாகப் போனான். போன இடத்தில் குண்டு விழுந்தது. பல்வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் பயம். அது நெட்டையனுக்கு மட்டும்தான் தெரியும். சமையல்காரர் தகரக் குவளையில் உப்புப் போட்ட வெந்நீரை நீட்டி, "கொப்புளிடா தம்பி. நீயா வேணும்னு அனுப்பினே?" என்கிறார். காயத்துக்குக் கட்டுப் போடும் பெரியவர் எதிரே மண்டியிட்டு, "வாயைத் திற," என்று டார்ச் அடிக்கிறார். வெளிச்சம் ஒவ்வொரு பல்லாக ஊர்ந்து போய் நிற்கிறது. பெயருக்குக்கூட ஒரு சொத்தை இல்லை. பெரியவர் அவன் கண்ணையே பார்க்கிறார். சுற்றி நிற்பவர்கள் கழுத்தை நீட்டுகிறார்கள். "கடைவாய்ப்பல். வேர் வரைக்கும் போயிருக்கு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அவர் டார்ச்சை அணைக்கிறார். சுருட்டையோடு ஒரே போர்வையில் தூங்கிய தடியன், தன் கழுத்துத் துணியை அவிழ்த்து நெட்டையனின் தாடையைச் சுற்றிக் கட்டுகிறான். "பாவி, இவ்வளவு வலியை எப்படிடா பொறுத்தே?" முடிச்சை இழுத்துப் போடுகிறான். "ரொம்ப இறுக்கிட்டேனா?" நெட்டையன் தலையை ஆட்டுகிறான். "இல்லண்ணே. இன்னும் இறுக்குங்க."