ஓவர்டைம்

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று ஊரிலிருந்து மனைவி போனில் கேட்டாள்.

"ஓவர்டைம். சரியாத் தூங்கல, அவ்வளவுதான்," என்றான் எலக்ட்ரீஷியன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வீங்கிய காலைத் தலையணை மேல் வைத்தபடி.

"பூச்சி பொட்டு இருக்கிற ஊர். ஷூவ உதறிட்டுப் போடுங்க."

"சரிம்மா."

உதறாமல் போட்ட ஷூவுக்குள் இருந்த தேள்தான் அவனைக் கொட்டியிருந்தது. பிரசவத்துக்கு நாள் நெருங்கியவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவளும் வழக்கம்போலச் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

"பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ உளறிடாதே," என்றான், பக்கத்தில் இருந்த அறைத்தோழனிடம்.

தோழன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, அன்னைக்கு நீங்க மயங்கிக் கிடந்தப்ப, இவருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு டாக்டர் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அண்ணிக்குத்தான் போன் போட்டேன். அவங்க சொன்ன பேரைக் கேட்டதும், போட எடுத்த ஊசியையே டாக்டர் மாத்திட்டார்."

"அப்ப... அவளுக்குத் தெரியுமா?"

"அதுலேருந்து மணிக்கொரு தரம் எனக்குப் போன். அவங்களுக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா நீங்க மனசு ஒடிஞ்சுபோவீங்களாம். சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

அவன் மறுபடி மனைவியைப் போனில் அழைத்தான்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஆஸ்பத்திரியில இனிமேத்தான் குடுப்பாங்க."

இத்தனை நாளும் சிரித்துப் பேசியவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.