டாக்டருக்கும் வலித்தது

எலும்புத் தேய்வுக்கு ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடும் ரெஜினா, தொடை வலிக்கிறது என்று மூன்று டாக்டர்களிடம் சொல்லிவிட்டாள். எல்லோரும் வயதைத்தான் காரணம் சொன்னார்கள்.

நான்காவதாகப் பார்த்த டாக்டர் குணவதியிடம், நோயாளியின் வலியை டாக்டருக்குக் கடத்தும் பட்டைகள் இருந்தன. ஆளுக்கொன்றைக் காலில் கட்டியபின், ரெஜினாவை நடக்கச் சொன்னார். அவள் இரண்டடி வைப்பதற்குள் டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வலியோடயா பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமா டாக்டர்."

எக்ஸ்ரேயில் தொடை எலும்பில் மெல்லிய விரிசல் தெரிந்தது.

"எலும்பு மாத்திரைய ரொம்ப வருஷம் சாப்பிட்டா சிலருக்கு வர்ற பக்கவிளைவும்மா. இன்னியோட நிறுத்திடுங்க. நல்லவேளை, உடையறதுக்குள்ள வந்துட்டீங்க. ஆபரேஷன்ல சரியாயிடும்."

வெளியே வந்து ரெஜினா மகளுக்குப் போன் செய்தாள்.

"ஆபரேஷனாம்டி."

"என்னம்மா, சிரிச்சுக்கிட்டே சொல்ற?"

"டாக்டருக்கும் வலிச்சுதுடி."