நீ வீட்டுக்கு வந்தா...

"நீ வீட்டுக்கு வந்தா, சமையலறைச் சுவரை இடிச்சுப் பெரிய ஜன்னலா வைக்கிறேன். காலை வெயில் நேரா உன் நாற்காலியில வந்து விழும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த மனைவி சிரித்தாள். "அப்புறம்?"

"நீ வீட்டுக்கு வந்தா, மொட்டைமாடி பூரா செடி. தினம் நானே தண்ணி ஊத்துறேன்."

"நீங்களா? நீங்க ஊத்தினா பிளாஸ்டிக் செடிகூட வாடிடுமே. சரி, அப்புறம்?"

"நீ வீட்டுக்கு வந்தா, கடலோரமா ஒரு சின்ன வீடு. ராத்திரியானா அலை வந்து நம்ம வாசல்படியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகும்."

கால்மாட்டில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில்தான் டாக்டர் அவளையும் அத்தானையும் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுங்கிற பேச்சே வேண்டாங்க. கூடவே இருங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்களே பார்த்துக்கங்க."

இவர் சொல்கிற லட்சணம் இது!

இத்தனைக்கும் பொய்யே பேசாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். கல்லூரியில் தர்க்கக் கணிதம் நடத்துகிறார். எது உண்மை, எது பொய் என்று கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டியே மாணவர்களிடம் 'உண்மை அட்டவணை' என்று பட்டப்பெயர் வாங்கியவர். கல்யாணமான புதிதில், ஆசை ஆசையாய் முடி வெட்டிக்கொண்டு வந்த மனைவி "எப்படி இருக்கு?" என்று கேட்க, "போன வாரம் நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு அல்லாடியவர்.

அப்பேர்ப்பட்டவர், சாகக் கிடக்கிறவளிடம் கூசாமல் புளுகுகிறார்.

"அத்தான், கொஞ்சம் வெளியே வாங்க."

தாழ்வாரத்துக்கு வந்ததும் தங்கை படபடவென்று பொரிந்தாள். "ஜன்னலாம், செடியாம், கடலாம்! இப்படி வாய் கூசாமப் பொய் சொல்ல எங்கே கத்துக்கிட்டீங்க?"

"நான் பொய் சொல்லலைம்மா."

"பின்னே?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நாளைக்கு மழை பெஞ்சா உனக்குக் குடை தர்றேன்னு சொல்றேன்னு வை. மழையே பெய்யலை. நானும் குடை தரலை. நான் பொய் சொன்னதா ஆகுமா?"

"ஆகாது."

"எப்போ ஆகும்?"

"மழை பெஞ்சும் நீங்க கொடுக்கலைன்னா."

"அவ்வளவுதான். முதல் பாதி நடக்கவே போறதில்லைன்னா, ரெண்டாவது பாதியில எதை வேணும்னாலும் வைக்கலாம். ஜன்னல் வைக்கலாம், கடலையே வைக்கலாம். அட்டவணையில அந்த வரிக்கு நேரா 'உண்மை'ன்னுதான் இருக்கும்."

"ஓஹோ. கணக்குப் போட்டு ஏமாத்துறீங்க."

அவர் குரல் இறங்கிவிட்டது. "'உனக்குச் சரியாயிடும்'னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேம்மா. நாக்கு எழலை. உள்ளதைச் சொல்லலாம்னு போனேன், அவ முகத்தைப் பார்த்ததும் அதுவும் வரலை. நான் நிக்கிறதுக்கு அந்த ஒரு வரியிலதான் இடம் கிடைச்சது."

தங்கையின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா கண்டுபிடிச்சிட்டான்னா?"

"மாட்டா. வருஷா வருஷம் இந்தப் பாடத்தை நடத்துறதுக்கு முன்னாடி சமையலறையில அவகிட்டதான் சொல்லிப் பார்ப்பேன். மழை, குடைன்னு ஆரம்பிச்சாலே போதும், மேசையில தலையைச் சாய்ச்சுத் தூங்கிடுவா. எழுப்பி, மறுபடியும் முதல்லேர்ந்து சொல்வேன். மறுபடியும் தூங்குவா." சிரிக்கப் போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் உள்ளே வந்தார்கள். தங்கை பழையபடி கால்மாட்டில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். மதிய வெயிலில் திரைச்சீலை மெல்ல உப்பி, மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையே பாதித் தூக்கத்தில் இருந்தது.

"அப்புறம்?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

அவர் வாயைத் திறக்கும் முன் தங்கை முந்திக்கொண்டாள். "நீ வீட்டுக்கு வந்தா, உன்கூட நான் சண்டையே போடமாட்டேன்க்கா."

"அடேயப்பா! நீயும் சேர்ந்தாச்சா?" அக்கா கையை நீட்டிக் கணவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "நானும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நான் வீட்டுக்கு வந்தா, உங்களைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போகமாட்டேன்."

பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்றது.

"சரியாச் சொன்னேனா? இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். கண்ணீர் அவள் கைமேல் விழுந்தது.

அவள் அவர் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "அழாதீங்க. அந்தக் கடல் வீட்டை முதல்லேர்ந்து சொல்லுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். நம்ம சமையலறையில மூடிக்குவேனே, அதே மாதிரி. நீங்க மறுபடியும் சொல்லுவீங்கன்னுதான் மூடிக்குவேன். ஒரு நாள்கூட நான் தூங்கினதில்லைங்க."