ஹாவுலேயின் மரியாதை

“பந்தாட்டக் கோச்சைக் கட்டிக்கிட்டா, எந்த ஊருடி உனக்கு ஊரு?” என்று கல்யாணத்துக்கு முன்பு அக்கா கேட்டிருந்தாள்.

தேவோதா சிரித்து மழுப்பிவிட்டாள். அதன் பிறகு எத்தனையோ ஊர் மாறியாயிற்று. அணி தோற்கத் தொடங்கினால் முதலில் போகிறவன் அவள் கணவன். பின்னாலேயே அவளுடைய சட்டி பானையும் லாரி ஏறும்.

இப்போதிருக்கும் சொங்கேயா ஊரில்தான் முதன்முதலாகக் கொல்லையில் ஒரு பப்பாளி நட்டாள். இன்று இந்த ஊரும் கைநழுவிவிடும் போலிருந்தது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய டயர்க் கடை வாசலில் அவள் மரவள்ளிக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் காப்பிக் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவள் கணவனைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அஞ்சு பேரைப் பின்னாடி நிறுத்திட்டு லுவோகாவை மட்டும் முன்னாடி விட்டா, அவன் என்னதான் பண்ணுவான்? எதிரணிக்காரன்கிட்ட ஊர்க்கதை பேசிட்டு நிக்கிறான், பாவம்” என்றான் டயர்க் கடை ஞோனி.

“பந்து வந்தா மட்டும் கிழிச்சிடுவானாக்கும்! போன வாரம் கோல்கீப்பர் விழுந்து கெடக்கான், கோல் வாயைப் பொளந்துட்டு நிக்குது. இவன் அடிச்ச பந்து மாதா கோயில் மணியிலல்ல பட்டுச்சு!” என்றான் பேருந்துக்கு டிக்கெட் போடும் கொன்ராட்.

“இடது ஓரத்துல டிடாஸ் மட்டும் ஒழுங்கா? கொடிக்கம்பம் வரைக்கும் ஓடுவான். திரும்பி வர வழி தெரியாது.”

“அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே கோச்சு? அவரு என்ன பண்றாரு?”

கேட்ட பிறகுதான் கொன்ராடுக்கு அடுப்பின் பக்கம் கண் போனது. “தப்பா நெனைக்காதீங்கக்கா. இன்னும் ரெண்டு துண்டு போடுங்க. மொளகாப்பொடி தூக்கலா.”

தேவோதா போட்டாள். இவர்கள் பேச்சு அவளைச் சுடவில்லை. அவள் பயமெல்லாம் ஹாவுலேயைப் பற்றித்தான்.

உள்ளூர்ப் பெரியவர் ஹாவுலே ங்கோனி இனத்துக்காரர். தேவோதாவும் கணவனும் ஹெஹே இனம். இரண்டு கூட்டமும் ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவை. சமாதானமான பிறகு கேலிமுறை வந்தது. முறைக்காரன் எதையும் சொல்லலாம். சாவு வீட்டில்கூடச் சொல்லலாம். அவன் வாய்ச்சொல்லை யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள். கோபப்படுவதுதான் குற்றம்.

அவள் ஊருக்கு வந்த நாள் முதல் ஹாவுலே அவளை “ஈட்டியைப் போட்டுட்டு ஓடினவன் பேத்தி” என்றுதான் கூப்பிடுவார். கேட்காமலே தட்டிலிருந்து எடுத்துத் தின்பார். “மாடு திருடின கூட்டம், கிழங்கை விடுமா?” என்பாள் அவள்.

அணி தோற்றுக்கொண்டே போனது. கோச்சை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்யும் குழுவில் ஹாவுலேயைப் போட்டார்கள். மறுநாளே அவர் வாய் மாறிவிட்டது.

“வணக்கம் அம்மா. வீட்ல எல்லாரும் சுகமா இருக்காங்களா?”

அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது.

வெட்டப்போகிற ஆட்டோடு யாரும் விளையாடுவதில்லை.

அன்றிலிருந்து வந்த போதெல்லாம் அம்மா. வந்த போதெல்லாம் சுகமா. அவர் தட்டைத் தொடவே இல்லை. வீட்டில் அதைச் சொன்ன இரவு, கணவன் உகாலிக் களியைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவள் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

இன்று காலையிலிருந்து அந்தக் குழு கோயில் கூடத்தில் கதவடைத்து உட்கார்ந்திருந்தது. முடிவை மாலையில் மைதானத்தில் குழுத் தலைவர்தான் சொல்வார். அதுவரை எவரும் வாய் திறப்பதில்லை என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஹாவுலே வந்தார்.

தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே அடுப்பண்டை வந்தார்.

தேவோதா அந்த ‘அம்மா’வுக்காகக் காத்திருந்தாள்.

அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். கடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“தூ! இதைத் தின்னு தின்னுதான்டி உன் புருஷன் மூளை உறைஞ்சு கெடக்கு. அவன்கிட்ட சொல்லு. வர்ற சனிக்கிழமையும் லுவோகாவை ஒத்தையா நிறுத்தினான்னா, உங்க பாட்டனுங்களைத் துரத்தின அதே ஈட்டியோட வந்து அவனையும் மைதானம் பூரா துரத்துவேன். ஓடினவன் பேத்தியே!”

பெஞ்சு வெடித்துச் சிரித்தது. கொன்ராட் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

தேவோதா மட்டும் சிரிக்கவில்லை.

வர்ற சனிக்கிழமை.

வருகிற சனிக்கிழமை ஆட்டத்தில் லுவோகாவை எங்கே நிறுத்துவதென்று முடிவு செய்யப்போவது அவள் கணவன்.

கரி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

“திருட்டுக் கூட்டமே, இன்னொண்ணையும் எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு” என்றாள். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது கெடக்கட்டும் பெரியவரே” என்று ஞோனி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்தான். “குழு என்னதான் முடிவு பண்ணுச்சு? கோச்சு இருக்காரா, போறாரா? எங்க காதுல மட்டும் சொல்லுங்க.”

ஹாவுலே தட்டிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். தொப்பியை மாட்டினார். சத்தியம் செய்துகொடுத்தவர் அல்லவா, ஒரு வார்த்தை பேசாமல் சாலையைக் கடந்து போய்விட்டார்.