அரை விரல் பென்சில்

"நீ சீவலைன்னா அது தானாவா சீவிக்கும்?"

"சார், நான் அதைத் தொட்டாத்தானே..."

"வெள்ளிக்கிழமை பூட்டும்போது இதைவிட நீளமா இருந்துச்சுய்யா!"

"பின்னே, எனக்கென்ன பென்சில் தின்னுற பழக்கமா?"

கோர்ட் குமாஸ்தாவும் டவாலியும் காலி நாற்காலியின் முன் அடிக்கடி போடும் சண்டைதான் இது. நீதிபதி இறந்து மூன்று வருடமாகிறது. புதியவரை இன்னும் போடவில்லை. இறந்தவர் மேசையில் முழுசாக விட்டுப்போன பென்சில் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. காலையில் கூராக இருக்கும். சீவல், அவர் குவிப்பதுபோலவே, இடப்பக்கமாகக் குவிந்திருக்கும்.

"ஜட்ஜய்யா யாரையும் நின்னுக்கிட்டுப் பேச விடமாட்டார். முதல்ல உட்காருங்கம்பார்" என்றார் டவாலி, சண்டையை மறந்து.

தான் குடியிருக்கும் வீட்டுக்காக வழக்காடும் அம்மாள் உள்ளே வந்து நின்றாள். விசாரணை முடிந்து, நீதிபதி எழுதாமல் விட்ட ஒரே தீர்ப்பு அவளுடையது. குமாஸ்தா வழக்கம்போல் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார். பிறகு பென்சிலை எடுத்துக் குப்பைக்கூடைக்கு மேல் நீட்டினார்.

"ஐயோ, போட்டுடாதேப்பா!" என்று பதறினாள் அம்மாள். "இந்தப் பென்சில் தீர்றதுக்குள்ள உங்க தீர்ப்பை எழுதிடறேம்மான்னு சொல்லியிருக்கார். இன்னும் அரை விரல்தானே பாக்கி?"