எழுத்துக் கூட்டி

முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தவளைக் கணவர் வாசற்படியில் நின்றபடியே பார்த்தார். வழியை மட்டும் விடவில்லை.

"இன்னிக்கும் கிளம்பியாச்சா? நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க. ஐம்பத்தொரு வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?"

"பேசட்டும். இன்னியோட முடிஞ்சுது."

"போனா காலை ஒடிச்சிடுவேன்."

அவள் உள்ளே திரும்பினாள். சமையலறைக் கதவு வழியாக இறங்கி, தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். காலில் செருப்பு இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

அவள் போன இடம் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மூன்றாம் வகுப்பு அறையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி நுழைத்து உட்காருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிடும்.

சட்டைக் கம்பெனியில் முப்பது வருடமாகப் பொத்தான் தைக்கிறவள். படிக்க ஆசைப்படாத வருடமில்லை. கைக்குழந்தை, படுத்த படுக்கையான மாமியார், ஓவர்டைம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து அதைத் தள்ளிக்கொண்டே போயின. போன வருடம் மாதவிலக்கு நின்றது. 'இனி யாருக்காகக் காத்திருக்கிறேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மறுநாளே வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள்.

முதலில் கணவர் சிரித்தார். "கலெக்டராகப் போறா!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் கையெழுத்துப் போட்டுக் காட்டியபோதும் சிரிப்புதான். ஒருநாள் எதிரிலிருந்த மருந்துக்கடைப் பலகையை அவள் எங்கும் நிறுத்தாமல் வாசித்தாள். அன்றோடு சிரிப்பு நின்றுபோனது.

கடைசி வகுப்பு என்பதால், ரொம்ப நாளாக வாசிக்க நினைத்த எதையாவது எடுத்து வரச் சொல்லியிருந்தார் டீச்சர். காய்கறி விற்கிற அம்மாள் மகனுடைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்தது அவள். மடிப்புகளில் நைந்துபோன ஒரு காகிதத்தைப் பிரித்தாள்.

"என்னம்மா, லவ் லெட்டரா?" டீச்சர் கண்ணடித்தார்.

"என் மக எழுதி வச்சுட்டுப் போனது டீச்சர். பன்னிரண்டு வருஷமாச்சு. அவங்கப்பா பார்த்த மாப்பிள்ளை வேணாம்னா. அவளுக்கும் அடி, குறுக்கே போன எனக்கும் அடி. காலையில பார்த்தா ஆளைக் காணோம்."

டீச்சரின் முகம் மாறியது. "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"அன்னிக்கே அவர் படிச்சுக் காட்டினார். நீ எனக்கு அம்மாவே இல்ல, என்னைத் தேடி வந்துடாதேன்னு." காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினாள். "இதைப் போய் இன்னொருத்தர்கிட்ட எப்படிக் காட்டுறது? வேணாம்னவளை நானும் தேடலை. எரிச்சிடு, எரிச்சிடுன்னார் அவர். அவ கை பட்ட காகிதமாச்சே, மனசு வரலை."

"அப்புறம் ஏம்மா அதையே மறுபடியும்..."

"திட்டினாலும் அவ சொன்ன மாதிரியே கேட்கணும் டீச்சர். இத்தனை நாளும் அவர் குரல்லதானே கேட்டிருக்கேன்."

முதல் வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். அம்மா. அது சுலபம். விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. பாதியில் நின்றது. பின்வாங்கி, வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் வந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஏதாவது எழுத்து புரியலையாம்மா?" டீச்சர் அருகில் வந்தார்.

"இல்ல டீச்சர். எல்லாம் தெரிஞ்ச எழுத்துதான்."

வகுப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி வாசித்தாள்.

"அம்மா, நீயும் வந்துடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உனக்காகக் காத்திருப்பேன்."