ஜெபமும் கோலா உருண்டையும்

பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. சாமி இல்லை என்கிறவர்களுக்கு நடுவில் விசுவாசத்தோடு வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை.

தல்லாகுளம் மெஸ்ஸில் மட்டன் கோலா உருண்டை வாங்கி, சிலுவை போட்டு, கண்ணை மூடி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் இலையில் வெறும் சோறு. எதிரே என் கூட்டாளி பேயாண்டி மென்றுகொண்டிருந்தான். கடவுளே கிடையாது என்று மேடை போட்டுப் பேசுகிறவன்.

"எங்கடா என் உருண்டை?"

"வயித்துல. உன் சாமி பாக்காட்டி என்ன மாப்ள, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மறுபடி வாங்கினேன், மறுபடி ஜெபித்தேன். அதுவும் போனது.

பரிமாறிய ஜெயக்கொடிக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் ஜெபம் பண்ணாம சாப்பிடுங்கண்ணே."

"உசுரே போனாலும் ஜெபத்தை விடமாட்டேன்! இன்னொரு பிளேட் கொண்டா!"

மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் கண்ணை மூடினேன். மூன்றாவது பிளேட்டும் காலி.

ரசச் சோற்றோடு எழுந்தேன். இந்த ஊரில் ஒரு விசுவாசி அநியாயமாகப் பட்டினி கிடந்தாலும் கேட்க நாதியில்லை.

அது தவக்காலம். ஈஸ்டர் வரை கறி தொடமாட்டேன், தொட்டால் பிடுங்கித் தின்றுவிடு என்று பேயாண்டியிடம் நான் சத்தியம் செய்திருந்ததும் இதே பைபிள் மேல் கை வைத்துத்தான்.